காரோடு கடல் கடக்கப் போகிற மகனுக்கு

மக்கா,

நீ மதராசிலிருந்து போட்ட கடிதம் சனிக்கிழமை கிடைத்தது. பாஸ்போர்ட்டு கைக்கு வந்துவிட்டது என்று நான் வாசித்ததும் அப்பா கண்ணை மூடிச் சின்னதாக ஒரு ஜெபம் பண்ணினார். நானும் ஆமென் சொன்னேன். ஆனால் என் மனம் உன் கடிதத்தின் கடைசிப் பத்தியிலேயே நின்றுவிட்டது. காரையும் கப்பலில் பினாங்குக்குக் கொண்டுபோக நினைக்கிறேன், அப்பா சிலோனுக்குக் கார் கொண்டுபோனபோது என்னென்ன செய்தார் என்று விவரமாக எழுதச் சொல், உனக்கு இதெல்லாம் தெரிந்திருக்க நியாயமில்லை, அவரே சொல்லட்டும் என்று எழுதியிருந்தாய். அதையும் அப்படியே வாசித்துக் காட்டினேன். அப்பா சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, "நீயே எழுதிரு. எனக்கு எழுத்து தெரியல்ல" என்றார். இரண்டு கண்ணிலும் புரை வளர்ந்திருப்பது உனக்குத் தெரியும். அது மட்டும் காரணம் அல்ல. மற்ற காரணத்தையும் இந்தக் கடிதத்திலேயே எழுதுகிறேன்.

முதலில் நீ கேட்டது. அந்தக் கார் யார் பெயரில் இருக்கிறது என்று பார்த்தாயா? உன் மாமனார் கல்யாணத்தன்று மாலை போட்டு, எல்லாரும் பார்க்கச் சாவியை உன் கையில் கொடுத்தார். பதிவுப் புத்தகத்தில் பெயரை மாற்றிக் கொடுத்தாரா? லில்லியிடம் கேட்டேன். "அப்பா பேருலதான் கெடக்கும் அத்தை, ஆரு மாத்தினா?" என்றாள். உனக்குக் கேட்கக் கூச்சமாக இருக்கும். கோட்டாற்றில் அத்தனை பெரிய கடை வைத்திருக்கிறவர், நாம் கேட்காமலே தந்தவர், இப்போது காகிதம் கேட்டால் என்ன நினைப்பாரோ என்று தோன்றும். துறைமுகத்து அதிகாரிக்கு உன் மாமனாரின் தாராள மனசு தெரியாது மக்கா. அவருக்குப் புத்தகத்தில் இருக்கிற பெயர்தான் தெரியும். மதராசிலிருந்து வந்ததும் நேரே கடைக்குப் போய் உட்கார்ந்து கேள். இன்னொன்றும் இருக்கிறது. நம் தாலுகாக்கள் மதராசோடு சேரப்போகிறது என்று தெருவெல்லாம் பேச்சாக இருக்கிறது. சேர்ந்த பிறகு நம் ஊர்க் கார்களின் பதிவு திருவனந்தபுரத்துக் கணக்கா, மதராஸ் கணக்கா என்று எந்த ஆபீசில் கேட்டாலும் கொஞ்ச நாளைக்குப் பதில் கிடைக்காது. அதற்கு முன்பே பெயரை மாற்றி முத்திரை வாங்கிவிடு.

பெயர் சரியாக இருந்தாலும் போதாது. பானெட்டைத் திறந்து இஞ்சினில் வெட்டியிருக்கிற நம்பரைத் துடைத்துப் பார். அடிச்சட்டத்தில் இருக்கிற நம்பரையும் பார். இரண்டையும் புத்தகத்தோடு வைத்து எழுத்து எழுத்தாக ஒத்துப் பார். இதை யாரோ சொல்லக் கேட்டு நான் எழுதவில்லை. இந்த நம்பர் ஒத்துப்போகாததால்தான் நானும் அப்பாவும் ஆளுக்கொரு கரையில் நின்றோம்.

நீ அப்போது போர்டிங்கில் பள்ளி இறுதி வகுப்புக்குப் படித்துக்கொண்டிருந்தாய். சுதந்திரம் வந்து இரண்டு வருஷம் ஆகியிருக்கும். அப்பாவுக்குச் சிலோன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் வேலை வந்தது. தொழிலாளிகள் குடியிருக்கிற லயங்கள் மலையில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கும், டாக்டர் சொந்த வண்டியோடு வரவேண்டும் என்று எழுதியிருந்தார்கள். சின்ன வயசுக் காய்ச்சலில் அப்பாவின் வலது கால் சூம்பிப்போனதால் அவரால் பெடலை மிதிக்க முடியாது. ஊருக்குத் திரும்பிப்போன ஒரு மிஷன் துரையிடமிருந்து வாங்கிய சின்னக் கறுப்புக் கார் நம்மிடம் இருந்தது. அதை ஓட்டச் செல்லையன் இருந்தான். அப்பாவுக்குத் தூரத்துச் சொந்தம், என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவான். காரோடு மூன்று பேரும் போவது என்று முடிவாயிற்று. உன்னைப் போர்டிங்கில் விட்டுவிட்டு, ஆரல்வாய்மொழிச் சுங்கச் சாவடியில் ஒரு தடவை இறங்கி ஏறி, தூத்துக்குடிக்குப் போனோம். கார் தூத்துக்குடியிலிருந்து சரக்குக் கப்பலில் கொழும்புக்குப் போகும், நாங்கள் தனுஷ்கோடி வழியாக ரயிலும் ஸ்டீமருமாகப் போவோம் என்பது ஏற்பாடு. உனக்கும் அப்படித்தான் ஆகும். நீ ஒரு வழியிலும் கார் ஒரு வழியிலும் போகும்படி நேர்ந்தால், கார் போய் இறங்குவதற்கு முன்னால் நீ அங்கே நில். ஆள் இல்லாத கார் துறைமுகத்தில் அநாதைப் பிள்ளை மாதிரி. ஆளாளுக்கு ஒன்றைக் கழற்றிக்கொண்டு போவார்கள்.

தூத்துக்குடிச் சுங்க அதிகாரி நல்ல மனுஷர். டார்ச் அடித்து இஞ்சினைப் பார்த்தார், புத்தகத்தைப் பார்த்தார், திரும்பவும் குனிந்து பார்த்தார். "டாக்டர், புஸ்தகத்துல ஒரு நம்பர் இருக்கு, இஞ்சின்ல வேற நம்பர் இருக்கே" என்றார்.

"இதே கார்தான் ஐயா. துரைகிட்ட வாங்கின நாள் முதல் நான் ஏறிட்டிருக்க கார்" என்றார் அப்பா.

"கார் உங்களுடையதுதான். இஞ்சின் யாருடையது?"

அப்பாவுக்குப் பதில் தெரியவில்லை. செல்லையனுக்குத் தெரிந்திருந்தது. அவன் துரையிடமும் டிரைவராக இருந்தவன். உலகச் சண்டைக் காலத்தில் பழைய இஞ்சின் வெடித்துப்போக, உதிரி சாமான் கிடைக்காமல், துரை வேறொரு உடைந்த காரின் இஞ்சினை வாங்கி மாட்டியிருக்கிறார். அதை யாரும் புத்தகத்தில் ஏற்றவில்லை. துரை எழுதிக் கொடுத்தால் போதும், அதுவரை காரை விட முடியாது என்றார் அதிகாரி. துரையோ கடல் தாண்டி அவர் ஊரில் இருக்கிறார். அப்பா வேலைக்குச் சேரவேண்டிய நாள் நெருங்கிவிட்டது. ரயில் ஸ்டேஷனில் வைத்து அப்பா சொன்னார்: "ஏட்டி, நீ ஊருக்குப் போயிரு. வண்டி கெடந்தா கெடக்கட்டும்."

"வண்டி இல்லாம அங்க போய் என்ன செய்வீங்க?"

"நடப்பேன்."

"எந்தக் காலை வச்சு?"

அப்பா ரயிலில் ஏறிக்கொண்டார். ரயில் நகர்ந்தபோது ஜன்னல் வழியாகக் கையை நீட்டி என் தலையைத் தொட்டுவிட்டுப் போனார். நான் ஊருக்குப் போகவில்லை. என்னோடு டீச்சர் டிரெயினிங் படித்த அன்னம்மாள் தூத்துக்குடிப் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தாள். அவள் வீட்டில் பெட்டியை இறக்கினேன். துரைக்கு ஆகாயத் தபாலில் எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருந்தேன். செல்லையன் காரோடு துறைமுகக் கோடவுன் வாசலில் படுத்துக்கொண்டான்.

அந்தக் காத்திருப்பில்தான் அடுத்த அடி விழுந்தது. சிலோனில் புதுச் சட்டம் வந்திருந்தது. டாக்டருக்கும் அவர் குடும்பத்துக்கும் அனுமதி உண்டு, டிரைவருக்கு இல்லை என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள். செல்லையன் அன்று சாப்பிடவில்லை. "என்னைய வேண்டாம்னுட்டானுவ அக்கா. அங்க எவன் கையில இத குடுக்கப் போறிய? இது எந்த மேட்டுல மூச்சு வாங்கும்னு எனக்கில்லா தெரியும்" என்றான். அவனுக்குக் கண் கலங்கியிருந்தது. நான் அவன் முகத்தைப் பார்க்காமல் காரைப் பார்த்துக்கொண்டு கேட்டேன்: "செல்லையா, எனக்கு வண்டி ஓட்டப் படிச்சுத் தாறியா?"

"டாக்டர் என்னைய கொன்னுருவாரு."

"டாக்டர் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்காரு."

ஆமாம் மக்கா. உன் அம்மா கார் ஓட்டுவாள்.

கோடவுனைவிட்டுக் காரை ஊருக்குள் எடுக்கத் தடை இல்லை, கப்பலில் ஏற்றத்தான் தடை. காற்றில் உப்பு இருக்கிற ஊரில் காரை அசையாமல் போட்டால் பிரேக் துருப்பிடித்து இறுகிவிடும் என்று சொல்லி, விடியக்காலையில் அதை உப்பளத்துப் பக்கம் கொண்டுபோவோம். பார்க்கிற தூரம் வரைக்கும் தட்டையான தரை. முட்டிக்கொள்ள அங்கே உப்புக் குவியலைத் தவிர ஒன்றும் இல்லை. நான் அதிலும் போய் முட்டினேன். உப்பு அள்ளிக்கொண்டிருந்த பெண்கள் கூடையைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள். எனக்கு அடி இல்லை என்று தெரிந்ததும் அவர்கள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அதில் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. செல்லையனுக்கு மட்டும் வரவில்லை. அவன் பொறுமைசாலி அல்ல. "கிளச்சு! கிளச்சு! காதுல விழல்லியா?" என்று கத்திக்கொண்டேதான் வருவான். அன்று கதவை அறைந்து சாத்திவிட்டு நடந்து போய்விட்டான். வெயில் ஏறும்வரை நான் காரிலேயே உட்கார்ந்திருந்தேன். பிறகு பார்த்தால் இரண்டு குடம் நல்ல தண்ணீரோடு வருகிறான். முன்பக்கம் முழுக்கக் கழுவினான். "உப்பு அப்பிச்சுன்னா தகரத்தைத் தின்னுரும் அக்கா. கப்பல்லேருந்து எறக்கினதும் அடிவரைக்கும் நல்ல தண்ணி விட்டுக் கழுவணும். மறந்திராதிய" என்றான். நீயும் மறந்துவிடாதே.

லைசென்சு வாங்கத் திருநெல்வேலிக்குப் போனேன். அங்கே இருந்த அதிகாரி என்னைத் தெருவில் ஒரு சுற்று ஓட்டச் சொன்னார். நன்றாகவே ஓட்டினேன். இறங்கிய பிறகு, "உங்க வீட்டுக்காரருக்குச் சம்மதமா?" என்று கேட்டார். "அவர் சிலோன்ல எனக்காகக் காத்திருக்கார்" என்றேன். அதில் பொய் இல்லை, கேட்ட கேள்விக்குப் பதிலும் இல்லை. அவர் கையெழுத்துப் போட்டுவிட்டார். நீ வெளிநாட்டில் ஓட்டுவதற்கான அனுமதிச் சீட்டை மதராசிலேயே வாங்கிக்கொள். இங்கே வந்த பிறகு அதற்காகத் திரும்ப அலைய வேண்டாம்.

துரையின் பதில் ஒருவழியாக வந்தது. இஞ்சின் மாற்றிய கதையைப் பட்டறையின் பெயரோடு விவரமாக எழுதி, எங்களுக்கு வந்த சிரமத்துக்கு வருத்தமும் தெரிவித்திருந்தார். காருக்கு அனுமதி கிடைத்தது. ஏற்றுகிற அன்று நான் செய்த முட்டாள்தனத்தையும் சொல்கிறேன். காரின் பின்சீட்டு சும்மாதானே போகிறது என்று அரிசி, கருப்பட்டி, துணிமணி, ஒரு பரணி நிறைய மாங்காய் ஊறுகாய் எல்லாம் வைத்து அடைத்திருந்தேன். காருக்குள் சாமான் இருந்தால் அது கார் இல்லை, சாமான் மூட்டை. ஒவ்வொன்றையும் இறக்கிப் பிரித்துப் பார்த்தார்கள். ஊறுகாய்ப் பரணி சாய்ந்து எண்ணெய் சீட்டெல்லாம் ஓடியது. அந்தக் கார் எங்களிடம் இருந்தவரைக்கும் மழை பெய்தால் ஊறுகாய் வாசம் வரும். நீ காரைக் காலியாக அனுப்பு. கண்ணாடித் துடைப்பான், பக்கக் கண்ணாடி, ஜாக்கி, ஸ்பானர் எல்லாவற்றையும் கழற்றி உன் பெட்டியில் வை. பாட்டரி ஒயரைக் கழற்றிவிடு. பெட்ரோலை வடித்துவிடச் சொல்வார்கள், அதற்குச் சண்டை போடாதே. ஆனால் அங்கே இறக்கினதும் ஊற்றப் பெட்ரோல் எங்கே கிடைக்கும் என்று முன்னாலேயே யாருக்காவது எழுதிக் கேட்டு வை.

தூத்துக்குடியில் கப்பல் கரைக்கு வராது. தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். இரண்டு பலகை போட்டு, கயிறு கட்டி, பத்துப் பன்னிரண்டு பேர் ஏலேலோ பாடிக் காரைத் தோணியில் இறக்கினார்கள். ஓலைப்பாயால் மூடினார்கள். தோணி அலையில் ஏறி இறங்கிப் போனபோது செல்லையன் முட்டளவு தண்ணீரில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். நான் கூப்பிட்டேன். திரும்பவில்லை. கரையேறி வந்ததும், "மேட்டுல நிறுத்தும்படி ஆச்சுன்னா பின்சக்கரத்துக்குக் கல்லு வைங்க" என்று மட்டும் சொன்னான். அவன் இப்போது தோவாளைப் பக்கம் பஸ் ஓட்டுகிறான். வழியில் பார்த்தால் ஹார்ன் அடித்துவிட்டுப் போவான்.

கொழும்புத் துறைமுகத்தில் காரை எடுக்கிறபோது ஒரு விளக்குக் கண்ணாடி உடைந்திருந்தது, டூல்ஸ் பை காலியாக இருந்தது. தனுஷ்கோடி வழியாக நான் கொழும்பு வந்து இறங்கியபோது அப்பா ஸ்டேஷனுக்கு வரவில்லை. தந்திதான் வந்தது. காய்ச்சலாகக் கிடக்கிறேன், ஆள் வைத்துக்கொண்டு வா என்று. கப்பல் ஏஜெண்டு ஒரு டிரைவரைப் பிடித்துக் கொடுத்தார். அவர் அவிசாவளை வரை ஓட்டினார். அங்கே தேநீர்க் கடையில் இறங்கி, மலையை ஒரு தடவை பார்த்தார், காரை ஒரு தடவை பார்த்தார். இந்தப் பிரேக்கை நம்பி மேலே வரமாட்டேன் என்று அரைகுறைத் தமிழில் சொல்லிவிட்டு எதிரே வந்த பஸ்ஸில் ஏறிவிட்டார். என்னால் அதை இன்றைக்கும் குற்றமாகச் சொல்ல முடியவில்லை. அவருக்கும் பிள்ளைகுட்டி இருக்கும்.

மழை தூறிக்கொண்டிருந்தது. நான் ஒரு கப் தேநீர் குடித்தேன். கடைக்காரர் தமிழர். "அம்மா, ரோட்டோர லாட்ஜில தங்கிட்டு நாளைக்கு வேற ஆள் பாக்கலாமே" என்றார். தங்கியிருக்கலாம். காய்ச்சல் என்று மட்டும் தந்தியில் இருந்தது, என்ன காய்ச்சல் என்று இல்லை. டாக்டருக்குக் காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பார்கள் என்று நினைத்தேன். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு முன்சீட்டில் ஏறினேன். உப்பளத்தில் மேடே கிடையாது மக்கா. மேட்டில் கியர் மாற்றுவது எப்படி என்று அந்த மேட்டில்தான் படித்தேன். ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் மேகம். வளைவுகளில் ஒரே மூச்சில் திரும்ப முடியாமல் பின்னுக்கு எடுத்துத் திருப்புவேன். இரண்டு இடத்தில் ரேடியேட்டர் கொதித்தது. இறங்கி, பின்சக்கரத்துக்குக் கல் வைத்து, ஓடையிலிருந்து தண்ணீர் மொண்டு ஊற்றினேன். பயமாக இருந்ததா என்று கேட்பாய். இருந்தது. ஆனால் பாதி மலைக்கு மேல் வேறொன்றும் வந்தது. அந்த ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கிற இரண்டு கையும் என்னுடையதுதானா என்று எனக்கே சந்தேகமாக, சந்தோஷமாக இருந்தது. உன்னைப் பெற்று மடியில் வாங்கினபோது வந்த சந்தோஷம் வேறே. இது எனக்கு முன்னேபின்னே தெரியாத ஒரு ஆள் எனக்குள்ளிருந்து எழுந்து வந்த மாதிரி இருந்தது.

பொழுது சாயும் முன்னால் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். அப்பா கம்பளியைப் போர்த்திக்கொண்டு குவார்ட்டர்ஸ் வாசலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பாதி உடம்பாக இருந்தார். காரைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார்.

"ஓட்டுனவன் எங்க?"

"பாதியில போயிட்டான்."

"பின்ன ஆரு ஓட்டிட்டு வந்தா?"

"நான்தான்."

அவர் பின்சீட்டை எட்டிப் பார்த்தார். அங்கே யாராவது ஒளிந்திருப்பார்கள் என்று நினைத்தவர் மாதிரி. பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆராவது பாத்தாங்களா?" என்று கேட்டார்.

அந்த மலை முழுக்க எனக்கு வராத அழுகை அப்போது வந்தது. கஞ்சி வைத்துக் கொடுத்தேன், மருந்து கொடுத்தேன், உடம்பு துடைத்துவிட்டேன். நாலைந்து நாள் அவரிடம் பேசவில்லை. காய்ச்சல் இறங்கின அன்று காலையில், அவர் கம்பைப் பிடித்துக்கொண்டு தனியாக வெளியே போய்க் காரைச் சுற்றி வருவதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஒவ்வொரு சக்கரமாகத் தொட்டுப் பார்த்தார். உள்ளே வந்து, "ரெண்டு லயத்துல காய்ச்சல் கெடக்கு. போவணும். வருகியா?" என்றார். "வாறேன்" என்றேன். எங்களுக்குள் அவ்வளவுதான் பேச்சு. அதற்குப் பிறகு சிலோனில் இருந்த காலமெல்லாம் அவரை நான்தான் கொண்டு நடந்தேன். லயத்துப் பெண்கள் என்னைக் காரம்மா என்றார்கள். பிரசவ வலி வந்தால் டாக்டரைத் தேட மாட்டார்கள், "காரம்மாகிட்ட சொல்லு" என்பார்கள். நான் வந்தால் அவரும் வந்துவிடுவார் என்று அவர்களுக்குத் தெரியும்.

ஆனால் ஊருக்கு எழுதுகிற கடிதத்தில் அப்பா, அப்புஹாமி என்று ஒரு சிங்கள டிரைவர் கிடைத்திருக்கிறான், தங்கமான பிள்ளை என்று எழுதினார். உனக்கு நினைவிருக்கும். கிறிஸ்துமசுக்கு நாங்கள் ஊருக்கு வரும்போதெல்லாம் கோயில் வாசலில் எல்லாரும் அப்புஹாமி சுகமா என்று கேட்பார்கள். அப்பாவும் அவனுக்குக் கல்யாணம் ஆனதாக, பிள்ளை பிறந்ததாக ஒவ்வொரு வருஷமும் ஏதாவது சேர்த்துச் சொல்வார். நீ அப்புஹாமிக்கு என்று ஒரு பேனாக்கத்தி வாங்கி எங்களிடம் கொடுத்தனுப்பினாய். அது என் தையல் பெட்டியில் இருக்கிறது. நல்ல கத்தி, இன்னும் கூர் போகவில்லை. என்னைக் கேலி செய்ய அவர் அப்படிச் சொன்னார் என்று நினைக்காதே. காலில்லாதவனை அவன் பெண்டாட்டி வண்டியில் வைத்து இழுக்கிறாள் என்று நம் சொந்தக்காரர் ஒருத்தர் சொன்னாலும் அவருக்குத் தாங்காது. அது எனக்குப் புரிந்தது. புரிந்தாலும் வலித்தது. இரண்டும் சேர்ந்தே இருந்தது.

இப்போது எல்லாவற்றிலும் முக்கியமானதைச் சொல்கிறேன், கவனமாகப் படி. காரை நாட்டைவிட்டு அனுப்பும்போதே, இது நம் ஊர்க் கார், திரும்பி வரும் என்று சுங்கத்தில் ஒரு சான்று வாங்கிவிடு. தூத்துக்குடியில் எங்களுக்கு இதை யாரும் சொல்லவில்லை. போகிற அவசரத்தில் திரும்பி வருவதைப் பற்றி யார் யோசிப்பார்? அங்கே எங்களுக்கு இருப்பு அனுமதியைப் புதுப்பிக்க முடியாது என்று சொன்னபோது, காரையும் கொண்டுவரலாம் என்று ஓடியாடிப் பார்த்தோம். இந்தியாவுக்கு அது அந்நிய நாட்டுக் கார், இறக்குமதி அனுமதி கிடைக்காது என்றார்கள். நம் ஊரில் வாங்கி, நம் ஊர் மண்ணில் ஓடிய கார்! அடுத்து வந்த டாக்டரிடம் அதை விட்டோம். ரயில் ஸ்டேஷன் வரைக்கும் நான்தான் ஓட்டினேன். சாவியைக் கொடுத்துவிட்டு ரயிலில் ஏறினதும் அப்பா கேட்டார், "ஒரு வண்டிக்கா ஏட்டி அழுத?" என்று. "வண்டிக்கு இல்ல" என்றேன். நீ பினாங்கில் நன்றாக இரு, நிறைய நாள் இரு. ஆனால் திரும்பி வருவதற்கான காகிதம் உன் பெட்டியில் இருக்கட்டும். காருக்கு மட்டும் சொல்லவில்லை.

கொண்டுபோகலாமா வேண்டாமா என்று உனக்கு இன்னும் ஒரு மனசு ஊசலாடுவது கடிதத்தில் தெரிகிறது. இந்த மாதிரிக் கார் அங்கே ஓடுகிறதா, உதிரி சாமான் கிடைக்கிறதா என்று நீ வேலைக்குச் சேரப்போகிற பள்ளிக்கூடத்துக்கு எழுதிக் கேள். கிடைத்தால் கொண்டுபோ. கிடைக்காவிட்டால் மாமனாரிடம் பக்குவமாகச் சொல்லி இங்கேயே விட்டுப் போ. கொடுத்த பொருளைத் திருப்பித் தருகிறானே என்று முகம் சுண்டுவார். ஒரு வாரத்தில் சரியாகிவிடும்.

இதுவரைக்கும் எழுதி வைத்துவிட்டுத் திங்கட்கிழமைக்காகக் காத்திருந்தேன். அன்று அப்பாவைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக உன் மாமனார் தன் டிரைவரை அனுப்புவதாகச் சொல்லியிருந்தார். டிரைவருக்கு உடம்புக்கு முடியவில்லை, நாளைக்கு வருவான் என்று ஆள் வந்தது. நான் ஜட்கா கூப்பிட்டு வரச் சொல்லப் போனேன். நீ விட்டுப்போன கார் வாசலில் நின்றது. அப்பா, "ஏட்டி, அந்தச் சாவி எங்க?" என்றார்.

"லில்லிகிட்ட இருக்கு."

"வாங்கு."

நான் அசையவில்லை. "பட்டப்பகல்" என்றேன்.

"எனக்குத்தான் கண்ணு தெரியல்ல. பட்டப்பகல்னு எனக்கும் தெரியும். எடு வண்டிய."

சிலோனை விட்ட பிறகு நான் ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை. அப்பா என் பக்கத்தில் முன்சீட்டில் உட்கார்ந்தார். லில்லி வாயைத் திறந்தபடியே பின்சீட்டில் ஏறினாள். கோட்டாற்றுக் கடைத்தெருவில் சரியான சந்தைக் கூட்டம். ஒரு மாட்டுவண்டி குறுக்கே வந்தது, நான் ஒடித்தேன், அதன் சக்கரம் நம் காரில் உரசிவிட்டது. கூட்டம் கூடிவிட்டது. பலசரக்குக் கடைக்காரர் ஒருத்தர், நம் சபைக்காரர்தான், கடையிலிருந்து எட்டிப் பார்த்து, "டாக்டரே, இது என்ன கோலம், ஆரு ஓட்டுதா?" என்று கேட்டார். அப்பா ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார். யார் கேட்டது என்று அவருக்குத் தெரியாது. குரல் வந்த திசையைப் பார்த்து, தெருவே கேட்கிற மாதிரிச் சொன்னார்: "என் வீட்டுக்காரி. சிலோன்ல மலையெல்லாம் என்னைய கொண்டு நடந்தது இவதான். அந்த மாட்டைக் கொஞ்சம் ஒதுக்கும் ஓய், அவளுக்குப் போவணும்."

மாட்டை ஒதுக்கினார்கள். நான் முதல் கியர் போட்டேன். அது சத்தம் போட்டு விழுந்தது. ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தினதும் லில்லி பின்னாலிருந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு, "அத்தை, எனக்கும் படிச்சுத் தருவியளா?" என்றாள். அதை உன்னிடம் கேட்கச் சொல்லியிருக்கிறேன். அவள் கேட்பாள். யோசிக்காமல் சரி சொல்லிவிடு. போகிற ஊரில் உனக்கு ஒரு நாள் காய்ச்சல் வரும்.

அப்பாவின் கண்ணுக்கு அறுவை செய்தால் சரியாகும் என்றார் கண் டாக்டர். வீட்டுக்கும் நான்தான் ஓட்டி வந்தேன். உன் காரின் இடப்பக்க மட்கார்டில் ஒரு சாண் நீளத்துக்குக் கீறல் விழுந்திருக்கிறது. பெயிண்டு அடித்து மறைக்க வேண்டாம் என்று அப்பா சொல்கிறார். யார் ஓட்டும்போது ஆனது என்று உன் மாமனார் கேட்டால், என் பெயரைச் சொல்லிவிடு.

அன்போடு,
அம்மா